மருதமுனைச் சாரனும் நமது லேபலும்

கடந்த நோன்புப் பெருநாளுக்கு இரண்டு வாரம் இருக்கையில் குருநாகலில் உள்ள எனது கடைக்கு ஓர் ஆசிரியர் வந்தார். ஊரிலிருக்கும் வாப்பாவுக்குக் கொடுக்க மருதமுனைச் சாரன் வேண்டும் என்றார். கடைப் பையன் நான்கைந்தை எடுத்து மேசையில் போட்டான். எல்லாவற்றிலும் 'மருதமுனை கைத்தறி' என்று பச்சை எழுத்தில் லேபல் ஒட்டியிருந்தது. அவர் ஒன்றை விரித்து, விரலால் தடவி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு மடித்து வைத்தார்.

"ஹாஜியார், இது எங்கட ஊர்ச் சாரன் இல்ல. மெசின்ல அடிச்சது."

எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவருடைய வீட்டில் தறி இருந்ததாம். "கையால அடிச்சா ஊடை ஒரே மாதிரி விழாது. சுபஹுக்குப் பிறகு அடிச்சதுக்கும் அசருக்குப் பிறகு அடிச்சதுக்கும் வித்தியாசம் தெரியும். மனிசனுக்குக் களைக்கும்தானே" என்றார். கோபப்படவில்லை. சலாம் சொல்லிவிட்டு ஒன்றும் வாங்காமல் போய்விட்டார்.

அந்தச் சாரன் இயந்திரத்தில் நெய்தது என்பது எனக்குத் தெரியும். புறக்கோட்டையில் மொத்தமாக வாங்கும்போதே லேபலோடுதான் வருகிறது. இந்தப் பத்தியை வாசிக்கும் புடைவை வியாபாரிகளில் பலருக்கும் இது புதிய செய்தியல்ல. தெரிந்த விடயத்தை ஏன் எழுதுகிறேன் என்றால், அந்த லேபல் யாருடைய சொத்து என்பதைப் பற்றி நாம் ஒருபோதும் பேசியதில்லை.

துணிகளின் பெயர்களைக் கொஞ்சம் பாருங்கள். எங்கள் பெரியவர்கள் நல்ல கட்டம் போட்ட சாரனை 'பலேகாட்' என்பார்கள். சிங்களவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். இந்தோனேசியாவிலும் அதே பெயர்தான். அது தமிழ்நாட்டில் சென்னைக்கு வடக்கே இருக்கும் பழவேற்காடு. ஒல்லாந்தர் 1610இல் அங்கே வியாபார அனுமதி பெற்று, 1613இல் கோட்டையும் கட்டி, சோழமண்டலக் கரையின் துணிகளைக் கப்பல் கப்பலாகக் கிழக்கே அனுப்பினார்கள். துணியை நெய்தவர்கள் உள்நாட்டுக் கிராமங்களில் இருந்தார்கள். பெயரோ துறைமுகத்துக்குப் போயிற்று. ஆங்கிலத்தில் 'கலிகோ' என்கிறார்களே, அது கோழிக்கோடு. 'மெட்ராஸ்' துணி, மெட்ராஸ். எல்லாமே கப்பல் ஏறிய இடங்கள், அதாவது எம்மைப் போன்ற வியாபாரிகள் இருந்த இடங்கள். நெய்தவனின் ஊர்ப் பெயர் துணியில் நின்றது குறைவு. கைக்கோளர், சாலியர், தேவாங்கர், சேணியர் என்று தலைமுறை தலைமுறையாகத் தறியில் இருந்த சாதியார் எத்தனையோ பேர். அவர்கள் எந்தக் கிராமத்தில் நெய்தார்கள் என்பதைத் துணி வாங்கியவன் கேட்டதில்லை.

இலங்கையிலும் துணியின் கதை பெரும்பாலும் வியாபாரியின் கதையாகவே எழுதப்பட்டிருக்கிறது. 1344இல் புத்தளத்தில் வந்திறங்கிய இப்னு பதூதா, கரையோரமெங்கும் கறுவா கிடந்ததாகவும், மஃபர், மலபார் நாட்டவர் அதை விலையின்றி எடுத்துச் சென்று, அதற்குப் பதிலாக அரசனுக்குத் துணி போன்றவற்றை அன்பளிப்பாகக் கொடுத்ததாகவும் எழுதியிருக்கிறார். கறுவாவுக்குத் துணி, இதுதான் கணக்கு. பின்னர் ஒல்லாந்தர் துணி இறக்குமதியைத் தமது ஏகபோகமாக்கப் பார்த்தார்கள். காயல்பட்டினம், கீழக்கரைத் தோணிக்காரர்கள் அதைச் சுற்றிக்கொண்டு வந்த கதைகளை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். சொல்லலாம்தான். ஆனால் அந்தத் தோணியில் இருந்த துணியை நெய்தவன் யார்?

இன்னொரு விடயம். சிங்களவர்களில் சலாகம என்ற சமூகத்தவர் தமது முன்னோர் இந்தியக் கரையிலிருந்து அரசர்களால் அழைத்துவரப்பட்ட நெசவாளர் என்று மரபாகச் சொல்கிறார்கள். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் அந்தச் சமூகத்தவர் கறுவா உரிக்கும் கட்டாயச் சேவையில் இருந்தார்கள். அரசாங்கத்துக்குத் துணியைவிடக் கறுவா இலாபமாக இருந்தது, அவ்வளவுதான். பிறகு ஆங்கிலேயர் காலத்தில் லங்காஷயர் ஆலைத் துணி வந்து மிச்சமிருந்த தறிகளையும் அமர்த்திவிட்டது. கண்டிப் பக்கம் தும்பறையில் கொஞ்சம் தங்கியது. மட்டக்களப்புப் பக்கத்தில் காத்தான்குடி, மருதமுனை போன்ற எமது ஊர்களில் தங்கியது.

இந்த ஊர்களின் விசேடம் என்னவென்றால், இங்கே நெய்தவனும் முஸ்லிம், அதைச் சுமந்துபோய் விற்றவனும் முஸ்லிம். சில வீடுகளில் இரண்டும் ஒரே ஆள். அதனால்தான் துணிக்கு நெய்தவனின் ஊர்ப் பெயரே நின்றது. கல்முனைக்கு வடக்கே கடலோரம் இருக்கும் ஒரு சிறிய ஊரின் பெயரைச் சொல்லிக் காலியிலும் கண்டியிலும் சாரன் கேட்கிறார்கள் என்றால், அதைச் சாதித்தது விளம்பரமல்ல, பொட்டணி வியாபாரம்.

எனது வாப்பாவின் காலத்தில் அப்படியொருவர் எமது கடைக்கு வருவார். நாங்கள் அவரை 'மருதமுனைக் காக்கா' என்போம். (எங்கள் பக்கத்தில் மூத்தவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு மட்டும் அவருடைய ஊர் முறைப்படி காக்கா.) தோளில் ஒரு பொட்டணி, கையில் ஒரு பொட்டணி. இரவில் கடை மாடியில் படுத்து, காலையில் வாப்பாவோடு கணக்குப் பார்த்துவிட்டு மாத்தளைக்கோ அனுராதபுரத்துக்கோ பஸ் ஏறுவார்.

1970இலிருந்து 1977 வரை இறக்குமதி இறுக்கமாக இருந்த காலம் அவர்களுக்கு நல்ல காலம். வெளிநாட்டுத் துணி சலுசல வழியாக அளந்துதான் வரும். பெருநாளுக்கு உடுப்பு எடுப்பதே பெரும் பாடு. பொட்டணி பஸ்ஸிலிருந்து இறங்கும் முன்பே விலை பேசிவிடுவார்கள் என்று வாப்பா சொல்வார். அந்தக் காலத்தில் நடந்த வேறொன்றையும் அவர் மறைக்காமல் சொல்வார். தறியே இல்லாதவர்கள் நூல் பெர்மிட் எடுத்து, நூலைக் கறுப்புச் சந்தையில் விற்றார்கள். என்ன கொடுத்தாலும் வாங்குவார்கள் என்று ஐதாக நெய்தவர்களும், முதல் கழுவலிலேயே சாயம் போகும் சாரனை விற்றவர்களும் இருந்தார்கள். பிழை எல்லாம் கடைக்காரன் பக்கம் மட்டும் என்று நான் எழுத வரவில்லை.

1977இல் ஆட்சி மாறியது, வருட இறுதியில் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. எனக்கு அப்போது ஒன்பது வயது. கடையில் ஜப்பான் துணியின் வாசம் வந்தது நினைவிருக்கிறது. எமக்கு அது பரக்கத்தான காலம். நாடு முழுவதும் கைத்தறி நிலையங்களில் வேலை செய்த ஆயிரக்கணக்கானோருக்கு, பெரும்பாலும் பெண்களுக்கு, அது தறி நின்ற காலம். கிழக்கில் தறிக்காரர்களின் பிள்ளைகள் சவூதிக்கும் குவைத்துக்கும் போனார்கள். அதன் மேல் யுத்தம் வந்தது. பாதை அடைபடும், நூல் லொறி நிற்கும், பொட்டணியைச் சோதனைச் சாவடியில் அவிழ்த்து உதறிப் பார்ப்பார்கள். அப்படியிருந்தும் மருதமுனையில் தறிச் சத்தம் முற்றாக நிற்கவில்லை.

இனி என் கதை. 1997 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் துணிக்கான இறக்குமதித் தீர்வை நீக்கப்பட்டது. சந்தையில் விசைத்தறிச் சாரன்கள் குவிந்தன. பார்வைக்கு நன்றாக இருக்கும், விலை மிகக் குறைவு. வாடிக்கையாளர் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு "மருதமுனைதானே?" என்று தாமாகவே கேட்டார்கள். முதலில் நான் தலையை மட்டும் ஆட்டினேன். 1999 ஜனவரியில் வந்த நோன்புப் பெருநாளுக்கு ஓர் அச்சகத்தில் லேபலே அடித்தேன். ஐந்நூறு லேபல். யாரும் என்னைத் தூண்டவில்லை. பக்கத்துக் கடைக்காரர் என்னைப் பார்த்துத்தான் செய்தார்.

கூபா நகரில் துணி வியாபாரம் செய்த இமாம் அபூ ஹனீபா (ரஹ்) அவர்களின் சம்பவத்தை நாம் எல்லோரும் பயான்களில் கேட்டிருக்கிறோம். பங்காளி துணியிலிருந்த குறையைச் சொல்ல மறந்து விற்றுவிட்டார், வாங்கியவர் யாரென்று தெரியவில்லை, விற்ற பணம் முழுவதையும் இமாம் ஸதகா கொடுத்துவிட்டார். ஜும்ஆவில் அதைக் கேட்டுவிட்டு வந்து பிற்பகலில் லேபல் ஒட்டியவன் நான். எமது கடைத்தெருவில் நான் மட்டுமல்ல என்பது எனக்கு அப்போது ஆறுதலாக இருந்தது.

அந்த வருடம் காக்கா வந்தார். வாப்பா மௌத்தாகி இரண்டு வருடம். மேசையில் கிடந்த சாரனை எடுத்தார். தன் ஊர்ப் பெயரை வாசித்தார். மடித்த மடிப்பிலேயே திரும்ப வைத்தார். "நூல் நல்ல நூல் தம்பி" என்றார். அன்று இரவு கடை மாடியில் தங்கவில்லை. பிறகு அவர் எங்கள் பக்கம் வரவே இல்லை.

2002இல் போர்நிறுத்தம் வந்து பாதைகள் இலகுவானதும், 2003இல் ஒரு கலியாணத்துக்காகக் கல்முனை போனவன், அவரைத் தேடி மருதமுனைக்குப் போனேன். உள்ளே எடுத்து உட்காரவைத்தார். தேநீர் தந்தார். லேபலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், கேட்க வாய் வரவில்லை. அதற்குப் பதிலாகத் தறியைக் காட்டச் சொன்னேன்.

முப்பது வருடம் சாரன் விற்றவர்களுக்குக்கூடச் சாரன் எப்படி வருகிறது என்று தெரியாது. நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். நூல் கழியாக வரும். அதை ஊறவைத்து, கழுவி, சாயம் காய்ச்சித் தோய்த்து, நிழலில் உலர்த்தி, கஞ்சி போட்டு, சிக்கெடுக்க வேண்டும். பிறகு இராட்டினத்தில் சுற்ற வேண்டும். இது பெண்கள் வேலை, சமையலுக்கும் பிள்ளைக்கும் இடையில் நடக்கும். கூலிக் கணக்கில் இது எங்கும் வராது. கட்டத்துக்கு எந்த நிறத்தில் எத்தனை இழை என்று எண்ணிப் பாவு ஓட வேண்டும். ஒவ்வொரு இழையையும் விழுதிலும் அச்சிலும் தனித்தனியாகக் கோக்க வேண்டும். ஓர் இழை மாறினால் கட்டம் முழுக்கக் கோணும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் ஆள் தறியில் உட்காருகிறார். கால் மிதிக்க, வலது கை கயிற்றை இழுக்க, நாடா ஓடும், இடது கை அடிக்கும். நிறம் மாறும் இடமெல்லாம் நாடாவை மாற்ற வேண்டும். பாவில் எண்ணிய அதே எண்ணிக்கையை ஊடையிலும் எண்ணினால்தான் கட்டம் கட்டமாக நிற்கும். வாயில் கலிமாவோ பைத்தோ ஓடிக்கொண்டிருக்க, கை எண்ணிக்கொண்டிருக்கும். முழுநாள் இருந்தால் மூன்று சாரன் என்றார் காக்கா. விசைத்தறியில் ஒரே ஆள் பல தறிகளைப் பார்த்துக்கொள்கிறார்.

2004 டிசம்பர் 26 சுனாமி மருதமுனைக் கரையை அடித்துச் சென்றதை நான் விபரிக்கத் தேவையில்லை. காக்காவின் வீடு கடல் பக்கம். ஆட்கள் தப்பினார்கள், தறி போய்விட்டது. பிறகு உதவி நிறுவனமொன்று புதுத் தறி கொடுத்ததாம். தறி கொடுத்தவர்கள் நூலுக்குப் பணம் கொடுக்கவில்லை. 2009இல் அவர் மௌத்தானார். அந்தத் தறியில் கடைசிவரை அவர் வேறொரு முதலாளியின் நூலைக் கூலிக்கு நெய்தார் என்று அவரது மருமகன் சொன்னார்.

சொந்தத் தறிக்காரன் கூலிக்காரனாவது எப்படி என்பதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். ஏனென்றால் அதைச் செய்வதும் நாமே. நூல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. புறக்கோட்டையில் நூல் வியாபாரி காசு கேட்பான், சிறிய தறிக்காரனுக்குக் கடன் கொடுக்கமாட்டான். சாரனை வாங்கும் நாம் என்ன கொடுக்கிறோம்? மூன்று மாதம் தள்ளிய காசோலை. இடைப்பட்ட மூன்று மாதத்துக்கு அவன் எதைக் கொண்டு நூல் வாங்குவான்? நூல் தருகிற முதலாளியிடம் போவான். அன்றிலிருந்து துணி அவனுடையதல்ல.

2022இல் இது இன்னும் கொடுமையாயிற்று. மார்ச் மாதத் தொடக்கத்தில் இருநூறு ரூபாவளவில் இருந்த டொலர் மே மாதத்தில் முந்நூற்றறுபதைத் தாண்டியது. மார்ச்சில் சாரனைக் கொடுத்துக் காசோலை வாங்கியவன், ஜூனில் அதைக் காசாக்கியபோது அதே பணத்துக்கு முன்பு வாங்கிய நூலில் அரைவாசிக்குச் சற்று மேல்தான் வாங்கியிருப்பான். கடையில் இருந்த சாரனுக்கு நாம் உடனே புது விலை போட்டோம். நானும் போட்டேன். காசோலையை யாராவது மாற்றி எழுதினோமா?

"வாடிக்கையாளர் விலையைத்தான் பார்க்கிறார்" என்று வர்த்தக நண்பர்கள் சொல்வார்கள். உண்மைதான். மாதச் சம்பளக்காரன் மலிவான சாரனை வாங்குவதில் ஒரு பிழையும் இல்லை. விசைத்தறிச் சாரன் ஹராமான பொருளல்ல. கைத்தறிக்காரர் நாளை விசைத்தறிக்கு மாறினால் அதுவும் அவர் விருப்பம். நான் கேட்பது ஒன்றுதான். விலை மட்டும்தான் விற்கிறது என்றால், பின் எதற்கு மருதமுனை என்ற லேபல்? அந்தப் பெயருக்கு ஒரு பெறுமதி இருப்பதால்தான் ஒட்டுகிறோம். அந்தப் பெறுமதியைத் தோளில் சுமந்து உண்டாக்கியவர்களுக்கு அதிலிருந்து ஒரு சதமும் போவதில்லை.

இதற்குச் சட்டத்தில் இடமில்லாமல் இல்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் சான்றுப்படுத்தும் குறி, கூட்டுக் குறி, புவியியல் சார்ந்த குறியீடு ஆகியவை பற்றிச் சொல்லப்பட்டிருக்கிறது. அதே ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், பாவனையாளரைப் பிழையாக வழிநடத்தும் வியாபாரத்தைத் தடைசெய்கிறது. தேயிலைப் பெட்டியில் உள்ள சிங்க இலச்சினை தேயிலைச் சபைக்குச் சொந்தமானது, நினைத்தவன் அடிக்க முடியாது. இலங்கைக் கறுவாவுக்கு 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் புவியியல் குறியீட்டை வழங்கியது. காஞ்சிபுரம் பட்டுக்கு இந்தியாவில் 2005இலேயே கிடைத்துவிட்டது. தும்பறைப் பாய் நெய்யும் கலையை 2021இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. அந்த நெசவாளர்களும் சமூகத்தால் ஒதுக்கிவைக்கப்பட்டிருந்த ஏழைகள்தாம்.

மருதமுனைச் சாரனுக்கு அப்படியொரு குறியைப் பதிவுசெய்ய வேண்டுமானால் தறிக்காரர்களின் சங்கம்தான் முன்வர வேண்டும். செலவுக்கும் ஓட்டத்துக்கும் நாம் துணை நிற்கலாம். ஆனால் முதலில் எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்று எனக்குத் தெரியும். எமது கடைத்தெருவிலிருந்துதான். கிழக்கில் நெய்தவர்களின் நிலையைப் பற்றி மேடையில் கண்ணீர் விடுபவர்களின் களஞ்சிய அறையில் எத்தனை லேபல் கட்டு இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம்.

ஆசிரியர் போன அன்று இரவு பையனை வைத்துக்கொண்டு எல்லாச் சாரனிலும் லேபலைக் கிழித்தேன். இப்போது எமது கடையில் இரண்டு தட்டு. ஒன்றில் 'மெசின் சாரன்' என்று எழுதியிருக்கிறது. அந்தப் பெருநாளுக்குச் சாரன் வியாபாரம் முந்திய வருடத்தைவிடக் குறைந்தது, மறைக்கவில்லை. "லேபல் ஒட்டினது இல்லையா?" என்று கேட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போனவர்கள் உண்டு. அங்கே அதே சாரன்தான், லேபலோடு.

மற்றத் தட்டு வெறுமையாக இருந்தது. ஆசிரியரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். அவர் ஒரு தறிக்காரரின் தொலைபேசி இலக்கம் தந்தார். நாற்பது சாரனுக்குச் சொல்லி, அரைவாசிப் பணத்தை முன்பணமாக வங்கியில் போட்டேன். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஐந்து நாள் இருக்கும்போது முப்பத்தொன்று வந்தது. நான் கேட்ட கரும்பச்சை கிடைக்கவில்லை, நீலம் அனுப்பியிருந்தார். கரை இரண்டில் சரியில்லை, அவரே அந்த இரண்டுக்கும் விலை குறைத்து எழுதியிருந்தார். மெசின் சாரனின் மூன்று மடங்கு விலைக்கு இருபத்திரண்டு விற்றேன். வாங்கியவர்களில் பாதிப் பேர் வயதானவர்கள், இருவர் சிங்களவர்கள். ஒருவர் மட்டும் ஏன் இந்த விலை என்று கேட்டு, நான் பாவு, ஊடை என்று விளக்கத் தொடங்கியதும் சிரித்துக்கொண்டே பணத்தை எடுத்தார்.

ஒன்பது இன்னும் தட்டில் இருக்கின்றன. போன வியாழக்கிழமை அந்தத் தறிக்காரர் பேசினார். நூல் விலை ஏறப்போகிறதாம், அடுத்த நாற்பதுக்கு முழுப் பணத்தையும் முன்கூட்டியே தர முடியுமா என்று கேட்டார். கணக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.